ஊறுகாய் என்று சொல்லியிருக்கலாம்

எங்கள் பக்கத்தில் பிரெட் என்பது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், பார்க்கப் போகிறவர்கள் ஒரு பிரெட் பாக்கெட்டும் நாலு ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போவார்கள். உடம்பு தேறியதும் மிச்சமிருக்கும் பிரெட் ஆட்டுக்குப் போய்விடும். நான் முப்பத்தாறு வருடம் ஜெர்மனியில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, அந்த நாட்டுக்காரியான என் மனைவியை அழைத்துக்கொண்டு நார்த்தாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே குடிவந்தேன். தினமும் காலையில் அவள் பிரெட் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் என் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவளுக்கு உடம்புக்கு என்ன, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டார்.

அவர்கள் ஊரில் அதுதான் சாப்பாடு, காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான் என்று நான் விளக்கிச் சொன்னேன். அண்ணன், "பொறந்ததுலேருந்து பத்தியச் சாப்பாடா? பாவம்டா அது" என்றார்.

அண்ணன் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. எங்கள் பூர்வீக வீட்டில் அதுவரை தனியாக இருந்தவர். நாங்கள் வந்ததில் அவருக்குச் சந்தோஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுக்கோட்டைக்குப் போய் வரும்போது அவளுக்கென்று ஒரு பால் பிரெட் வாங்கி வருவார். அவள் கைகூப்பி வாங்கிக்கொள்வாள். அவர் அங்கிட்டுப் போனதும் என்னிடம் அவள் மொழியில், இது சர்க்கரை போட்ட பஞ்சு என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், அப்போதெல்லாம்.

இங்கே வருவதற்கு முன் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். நீ இத்தனை வருடம் என் ஊரில் இருந்தாய், இனி நான் உன் ஊரில் இருக்கிறேன், வெயிலைப் பொறுத்துக்கொள்கிறேன், கொசுவையும் உன் சொந்தக்காரர்களையும் பொறுத்துக்கொள்கிறேன், ஆனால் நல்ல ரொட்டி வேண்டும், தவிட்டோடு அரைத்த மாவில் புளிக்கவைத்துச் சுட்ட கனமான ரொட்டி, அது இல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும் என்று எனக்கே தெரியாது, முடியாமல் போனால் திரும்பி வந்துவிடுவேன் என்றாள். ரொட்டிதானே என்று நான் சொன்னேன். அந்த 'தானே'யை நான் எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊருக்கு நான் போன முதல் குளிர்காலத்தில், எனக்கு இட்லி இல்லாமல் பைத்தியம் பிடிக்கிற நிலை. கல்யாணமான புதிது. அவள் டிராமில் முக்கால் மணி நேரம் போய் ஓர் ஆசியக் கடையில் உளுந்து வாங்கி வந்தாள். அரைத்த மாவு அந்தக் குளிரில் பொங்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் பார்க்கிறேன், மாவுப் பாத்திரம் அவளுடைய கம்பளிப் போர்வைக்குள் சுருட்டி ஹீட்டர் பக்கத்தில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவள் மேலே கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். அதிலிருந்து அந்த வீட்டில் மாவு புளிக்காத வாரமே கிடையாது.

இங்கே வந்த பிறகு ரொட்டி தேடினோம். புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழ ராஜ வீதி வரை ஒரு பேக்கரி விடவில்லை. 'கோதுமை பிரெட்' என்று எழுதியிருப்பதை வாங்கி வருவோம். அவள் விரலால் அமுக்கிப் பார்ப்பாள். அமுங்கி, உடனே எழுந்துவிடும். மைதாதான், நிறம் மட்டும் பழுப்பு. திருச்சியில் பெரிய கடைகளில் ஏழு தானியம் என்று அச்சடித்த பிரெட் கிடைத்தது. ஏழு தானியமும் மேல் தோலில் தூவியிருந்தது, உள்ளே பழையபடி பஞ்சு. புதுச்சேரிப் பக்கம் போனால் வெளிநாட்டுக்காரர்கள் சுடும் நல்ல ரொட்டி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். பொங்கல் முடியட்டும் என்றேன், வெயில் குறையட்டும் என்றேன். கடைசிவரை கூட்டிப்போகவில்லை.

பிறகு அவளே சுடுவது என்று முடிவு செய்தாள். அதற்கு வேண்டிய முக்கியமான பொருள் அவளிடம் இருந்தது. அது ஒரு புளித்த மாவு. அவளுடைய அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. வாரா வாரம் கொஞ்சம் எடுத்து ரொட்டிக்குச் சேர்ப்பார்கள். எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் கலந்து வைப்பார்கள். அப்படியே அது சாகாமல் இருந்துகொண்டிருக்கும். அவள் அம்மா இறந்தபோது நகையையும் வீட்டையும் தங்கை எடுத்துக்கொண்டாள், இவள் மாவை எடுத்துக்கொண்டாள். தங்கை ஆயுளுக்கும் கடை ரொட்டிதான். இந்தியாவுக்கு வரும்போது அதைக் கெட்டியாக உருட்டி, உலர்ந்த மாவில் புரட்டி, பெட்டிக்குள் என் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். ஊர் வந்ததும் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றினாள். நாலாம் நாள் அது நுரைத்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள்.

இந்த ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் புளித்தது. அதனால் ஃப்ரிட்ஜில் வைத்தாள். அவர்கள் ஊர்த் தானியம் இங்கே கிடையாது. சம்பா கோதுமையும் கேழ்வரகும் கலந்து கீரனூர் மில்லில் கொடுத்துச் சலிக்காமல் அரைத்து வாங்கினாள். முதல் முறை மிளகாய்க்கு அடுத்து அரைத்ததில் ரொட்டி காரமாகிவிட்டது. அதற்குப் பிறகு மில்லில் நிற்கும் பெண்களே, வெள்ளைக்கார அம்மாவோடதை நம்ம கேப்பைக்குப் பின்னால போடுங்க என்று மில்காரருக்கு உத்தரவு போடுவார்கள். அவள் தமிழ் கற்றது அந்த மில்லில்தான். என்னிடம் கற்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுப்புக்கு ஒரு பேக்கரி கிடைத்தது. புதுக்கோட்டையில் இன்னமும் விறகு அடுப்பு வைத்திருக்கும் ஒரு பாய் கடை. காலை வேலை முடிந்து அடுப்பு ஆறத் தொடங்கும் மதிய நேரத்தில் அவள் சுட்டுக்கொள்ளலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். புதன்கிழமைதோறும் அவள் பிசைந்த மாவை டப்பாவில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவாள். முதல் ரொட்டி வெளியே வந்தபோது பாய் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"அம்மா, இதை வச்சு நான் மாடியில ஒரு ரூம் கட்டிருவேன்."

"ஒரு துண்டு தின்னுட்டு அப்பறம் கட்டுங்க" என்றாள் அவள்.

அவர் தின்றார். நன்றாக மென்றார். மழைக்காலத்துக்கு ஏத்த சாமான்தான் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். வீட்டில் அண்ணன்தான் அதை ஒழுங்காகச் சாப்பிட்டவர். கருவாட்டுக் குழம்பில் ஊறவைத்து, நல்லா களி மாதிரி நிக்குதுடா என்று சொல்லி இரண்டு துண்டு கேட்பார். அவள் அவருக்கு ஓரத்து முறுகல் துண்டை எடுத்துவைப்பாள். நான் மரியாதைக்கு ஒரு துண்டு தின்பேன். எனக்கு இங்கே இட்லி இருந்தது.

மூன்றாம் வருடம் ஐப்பசி மாதம், நாலு நாளாக விடாத மழை. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பிள்ளையில்லாதவர். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். பங்காளிகள் வந்து சேர்ந்ததும் ஒருவர், வெள்ளைக்காரியைக் கட்டியவன் வைக்கலாமா, முறை தெரியுமா என்று என் காதில் விழும்படியே இன்னொருவரிடம் கேட்டார். அவர், அதெல்லாம் இந்தக் காலத்தில் பார்க்க முடியாது, சொல்லிக்கொடுத்தால் செய்வான் என்றார். எழுபது வயது தாண்டிய நான் சட்டையைக் கழற்றிவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். நான் படித்தவன். தீட்டு, சடங்கு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று அந்த நாட்டில் முப்பத்தாறு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

சாவு விழுந்த வீட்டில் சமைத்தது, கரைத்தது, பிடித்துவைத்த தண்ணீர் எதுவும் மிஞ்சக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டுத்தான் வீட்டைக் கழுவுவார்கள். அரிசி பருப்புக்கு அது இல்லை, உப்பு புளிக்கு இல்லை, ஊறுகாய்க்கும் இல்லை. அண்ணன் உடம்பைக் குளிப்பாட்ட வெளியே எடுத்ததும், விராலிமலையிலிருந்து வந்திருந்த என் அக்கா சமையலறையைக் காலி செய்யத் தொடங்கினார். என் மனைவி வெளியே பந்தலில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது அவளும் அழுதாள். உண்மையாகவே அழுதாள். நான் கோடி வேட்டி எடுக்க உள்ளே வந்திருந்தேன். இரண்டு பங்காளிகள் என் கூடவே வந்து சமையலறை வாசலில் நின்றார்கள்.

அக்கா குடத்துத் தண்ணீரைக் கொட்டினார். காபி டிகாக்ஷனைக் கொட்டினார். ஃப்ரிட்ஜைத் திறந்து இட்லி மாவை எடுத்தார், குழம்பை எடுத்தார். பிறகு அந்த ஜாடியை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன மாவுப்பா? கொட்டவா, இருக்கட்டுமா?"

அக்காவுக்குச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் கேட்டார். அது அவர்கள் ஊர் ஊறுகாய் அக்கா, வையுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் மேல் தட்டில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். அப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். வாசலில் நின்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொட்டிருங்கக்கா" என்றேன்.

கொல்லைப்பக்கம் கழுவுகிற தண்ணீரோடு அது மழையில் போனது. நான் வேட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். பெண்கள் தெரியாமல் கொட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டுவார்கள், அதுதான் வழக்கம், நான் சுடுகாட்டில் இருந்தேன் என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். மழை விட்டதும் கொஞ்சம் காயவைத்துப் பொடியாக எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த ஈரத்தில் எதுவும் காயவில்லை என்றாள். அக்காவிடம் ஒன்றும் சொல்லிவிடாதே, அவருக்குத் தெரியாது, மனசு சங்கடப்படும் என்றும் அவளே சொன்னாள்.

நான் பாயிடம் போனேன். மாவு பிசையும் மரத்தொட்டியில் கொஞ்சமாவது ஒட்டியிருக்குமா என்று கேட்டேன். அவள் வீட்டிலிருந்து பிசைந்துதான் கொண்டுவருவாள் என்பதும், தொட்டியில் ஒட்டியிருக்க வழியே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஒரு போன் போட்டிருந்தா நானே வந்து வாங்கிட்டு வந்திருப்பேனே சார். எங்களுக்கு அந்தத் தீட்டு இல்லையே" என்றார். உண்மையில் எனக்கு அந்த வழி தெரியாமல் இல்லை. ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத கீரனூரிலும் அவளுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். பக்கத்துத் தெருவிலேயே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. ஒரு ஜாடியை ஒரு நாள் வைத்துக்கொள்ள எத்தனையோ வீடு இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. சாப்பாடு முடிந்து அக்கா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். என் மனைவி அந்த ஜாடியைக் கண்டெடுத்துக் கையில் வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அக்கா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நல்ல ஜாடித்தா, ரெண்டு தடவ வெந்நி ஊத்திக் கழுவி வச்சேன். அந்த மாவுதான் ரொம்பப் புளிச்சுப் போயிருந்துச்சு. தம்பிட்ட கேட்டேன், கொட்டச் சொல்லிருச்சு. கேக்காம நான் ஒன் சாமானத் தொடுவனா?"

அவளுக்கு அந்த அளவுக்குத் தமிழ் புரியாது என்று நான் நினைத்திருந்தேன். மில்லிலும் பஸ்ஸிலும் அவள் எவ்வளவு கற்றிருந்தாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவள் அக்காவைப் பார்த்து, சரிங்கக்கா, பரவாயில்லைங்க என்றாள். ஜாடியை அக்காவிடமே கொடுத்தாள். உங்களுக்கு ஊறுகாய் போட உதவும், எடுத்துட்டுப் போங்க என்றாள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் நானாகவே போய் நின்றேன்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?" என்று தமிழில் கேட்டாள்.

"ஆமா."

"சரிங்க" என்றாள். மடித்த துணியை அலமாரியில் வைத்தாள்.

கம்பளிப் போர்வையைப் பற்றிச் சொல்வாள், டிராமைப் பற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன், பிறகு அது முடிந்திருக்கும். அந்த நாளிலிருந்து அவள் என்னோடு அவள் மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். முப்பத்தெட்டு வருடம் எங்களுக்குள் இருந்த மொழி அது. என் அக்காவிடமும் மில்காரரிடமும் பேசுகிற அதே மரியாதைத் தமிழில் என்னிடமும் பேசினாள். சாப்பிடுறீங்களா. மாத்திரை போட்டுட்டீங்களா. கரண்ட் போயிருச்சுங்க.

புது மாவு உண்டாக்க முடியும். எந்த வீட்டிலும் மாவும் தண்ணீரும் ஒரு வாரம் வைத்தால் புளிக்கும். நான் அதை அவளிடம் சொன்னேன். வேண்டாங்க என்றாள். பாய் ஆள் விட்டுக் கேட்டார், அடுப்பு சும்மாதானே கிடக்குது, அம்மாவை வரச் சொல்லுங்க என்று. அவள் போகவில்லை. காலையில் எல்லோரையும் போல இட்லி தின்றாள், ராத்திரி இரண்டு தோசை. முறை தவறாமல் தின்றாள். ஒன்றரை வருடத்தில் அவள் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கத் தொடங்கின. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றும் இல்லை என்றார். அக்கா வந்து பார்த்துவிட்டு, அவளுக்கென்று புதுக்கோட்டையில் ஒரு பிரெட் பாக்கெட் வாங்கி வந்தார். அவள் கைகூப்பி வாங்கிக்கொண்டாள்.

தங்கையைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வருகிறேன் என்று போனாள். திருச்சி ஏர்போர்ட்டில் அவள் பெட்டியைத் தூக்கியபோது அது மிகவும் லேசாக இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெயில் காலச் சேலைகளையெல்லாம் வைத்துவிட்டுப் போனாள், ஒன்றையும் மறந்து வைக்கவில்லை. அது ஆகி இரண்டு வருடம் இருக்கும். எனக்கு இருதயத்தில் ஆபரேஷன் ஆனதால் அவ்வளவு தூரம் விமானத்தில் போகக் கூடாது என்கிறார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் எந்த முகத்தோடு போவேன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். அவள் உடம்பு தேறியிருக்கிறது. பின்னால் மேசையில் ரொட்டி தெரியும், கடை ரொட்டிதான், ஆனால் நல்ல ரொட்டி. தமிழில்தான் பேசுகிறாள். மில்லில் யார் யார் இருக்கிறார்கள், மழை உண்டா என்று கேட்பாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவள் பதில் சொல்லச் சிரமப்படுவதைப் பார்க்க முடியவில்லை.

போன தையில் நானே மாவு புளிக்கவைத்தேன். இரண்டு முறை பூசணம் பிடித்தது, மூன்றாம் முறை நுரைத்தது. சம்பாவும் கேழ்வரகும் கலந்து பிசைந்து பாய் கடைக்குக் கொண்டுபோனேன். ரொட்டி மோசமில்லை. பாய் இந்த முறை மாடியில் ரூம் கட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தாளில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் வெட்டிக் காட்டினேன். நல்லா வந்திருக்குங்க என்றாள். அது வேறு ரொட்டி, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேல் தட்டில் அக்கா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் அந்த ஜாடியிலேயே இருக்கிறது. போன் பேசும்போது அது தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

பங்காளிகளுக்குப் பயந்து சொன்னேன் என்பதைத்தான் இதுவரை எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அது பாதிதான். அந்த ஜாடி ஃப்ரிட்ஜில் இருக்கும்வரை அவள் ஊருக்குத் திரும்பிப் போக ஒரு காரணம் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது. அது போய்விட்டால் நாளடைவில் எங்கள் சாப்பாட்டுக்குப் பழகிவிடுவாள், முழுதாக இங்கேயே ஆகிவிடுவாள் என்று, வேட்டி எடுக்கப் போன அந்த அரை நிமிஷத்தில், நான் நினைத்தேன். அவளை இங்கே இருத்திவைத்ததே அந்த ஜாடிதான் என்று எனக்குத் தெரியவில்லை.

இதை அவளிடம் சொன்னதில்லை. இப்போது எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவள் மொழியில் எனக்கு நன்றாகவே எழுத வரும்.